சூக்கி ஊசி

14 செப்டம்பர் 1964, திங்கள்

இன்றும் இடது கையால்தான் சவரம் செய்துகொண்டேன். தாடையில் இரண்டு இடத்தில் கீறல். கட்டின புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு இந்திராணி படிகாரத்தை எடுத்து வந்து வைத்தாள்.

வலி எங்கே தொடங்குகிறது என்று இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை. வலது தோளின் முன்பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து புஜம் வழியாக இறங்கி, முழங்கை தாண்டி, கட்டைவிரலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தந்திக் கருவியின் குமிழைப் பிடிக்கிற அதே கட்டைவிரல். இந்த வேலைக்கு வேறு விரல் வலித்திருக்கக் கூடாதா?

மதராஸிலிருந்து இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிறது. இந்தத் தீவுக்காரர்களின் பிறப்பும் இறப்பும் கல்யாணமும் கப்பல் புறப்பாடும் நான் அடிக்கிற புள்ளியும் கோடுமாகத்தான் கடலைத் தாண்டுகின்றன. எழுதினால் இன்னும் வலிக்கிறது. போதும்.

19 செப்டம்பர்

மதராஸ் முனையில் உட்காருகிறவரை நான் பார்த்தது இல்லை. பெயரும் தெரியாது. ஆனால் அவர் கையைத் தெரியும், என் கையை அவருக்குத் தெரியும். தந்தி அடிக்கிறவர்களுக்குக் கையெழுத்து மாதிரிதான் அதுவும். இன்று நடுவில் நிறுத்திக் கேட்டார்: "புது ஆளா?"

இல்லை, நான்தான் என்று அடித்தேன். அதிலும் ஒரு எழுத்து தப்பிப்போயிற்று.

23 செப்டம்பர்

ஆஸ்பத்திரியில் எலும்புப் படம் எடுத்தார்கள். எலும்பு சுத்தமாக இருக்கிறதாம். சந்தோஷப்பட வேண்டியவன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். உடைந்திருந்தால் காட்டலாம். இதை எப்படிக் காட்டுவது?

எங்கள் சூப்பர்வைசர் கிருஷ்ணமூர்த்தி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தஞ்சாவூர்க்காரர், கெட்டவர் இல்லை. "எலும்பு நன்னா இருக்கே. அப்புறம் உமக்கு என்ன ஓய் வலி?" என்றார். பிப்ரவரியில் வேகப் பரீட்சை இருக்கிறது, அதில் தவறினால் என்னை முன் கவுண்டருக்குத்தான் போட முடியும் என்றும் சொன்னார். பத்து வருஷம் கருவியில் உட்கார்ந்தவன் இனி தபால்தலை கிழித்துக் கொடுக்க வேண்டும்.

போகும்போது, "ஞாயிற்றுக்கிழமை வாலிபால் பார்க்கப் போயிருந்தீராமே" என்றார். பார்க்கத்தானே போனேன்? கண்ணால்தானே பார்த்தேன்?

4 அக்டோபர்

தைலம். ஒத்தடம். மறுபடி தைலம். வீடு முழுக்க நாற்றம்.

12 அக்டோபர், திங்கள்

ஜங்லிகாட் கடைத்தெருவில் யாரோ சொன்னார்கள் என்று இந்திராணி பிடிவாதமாக அழைத்துப் போனாள். வங்காளி டாக்டரம்மா. பெயர் சென். கண்ணாடி, நரைத்த முன்முடி, கையில் எப்போதும் பாதி குடித்த தேநீர். தமிழ் நாலைந்து வார்த்தை தெரியும். எனக்கு ஹிந்தி அதைவிடக் குறைவு. இந்திராணிதான் நடுவில் நின்றாள். கடைத்தெருவில் பேரம் பேசிப் பேசியே அவளுக்கு இந்த ஊர் ஹிந்தி வந்துவிட்டது.

டாக்டரம்மா என் கையைத் தொடவே இல்லை. பின்னால் போய் முதுகில் தோள்பட்டைச் சப்பை மேல் விரலால் தடவிக்கொண்டே வந்தார். கயிறு மாதிரி ஏதோ உருண்டது. ஒரு இடத்தில் நிறுத்தி அழுத்தினார். கட்டைவிரலில் ஆணி இறங்கியது போல் இருந்தது. அழுத்தியது முதுகில், வலித்தது விரலில்.

"இதர்? இங்க?"

அழுதுவிட்டேன். வலியால் அல்ல. இத்தனை நாளாக நானே கண்டுபிடிக்காத இடத்தை ஒருவர் விரல் வைத்துக் காட்டிவிட்டாரே என்று. இந்திராணி பயந்துபோய், "ஏங்க, என்ன செய்யுது?" என்றாள்.

மரத்துப்போகச் செய்கிற மருந்தை அதே முடிச்சில் ஊசியால் ஏற்றினார். சதைக்குப் பின்னால் பலகை மாதிரி எலும்பு இருக்கிறது, ஊசி அதைத் தாண்டிப் போகாது, பயப்படாதே என்றார். மாலையில் கட்டைவிரல் என்னுடையதாக இருந்தது.

20 அக்டோபர்

இரண்டாவது ஊசி. வலது கையால் தலை வாரினேன்! மதராஸ் ஆள் என் வேகத்துக்கு எழுத முடியாமல், "மெதுவாக" என்றார்.

9 நவம்பர், திங்கள்

மழையில் கருவி அறை ஒழுகி, ஒரு வாரமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்ததில் வலி திரும்பிவிட்டது. தனியாகவே டாக்டரம்மாவிடம் போனேன். அவர் அலமாரியைத் திறந்து பார்த்தார், மூடினார். ஹிந்தியில் வேகமாக என்னவோ சொன்னார். அதில் "ஜஹாஜ்" என்பது காதில் விழுந்தது. கப்பல். இந்தத் தீவில் கப்பல் இல்லாத பேச்சு ஏது? பிறகு ஊசியைத் தூக்கிக் காட்டி, "சூக்கி… சூக்கி சூயி. டீக்?" என்றார். புரியாத ஹிந்திக்கெல்லாம் என் பதில் ஒன்றுதான். "ஹாஞ்ஜி", ஆமாம் என்றேன்.

மெல்லிய ஊசி. முடிச்சுக்குள் போனதும் லேசாக மேலும் கீழும் அசைத்துத் தேடினார். திடீரென்று உள்ளே சதை துள்ளியது. தூண்டிலில் மாட்டிய மீன் சுண்டுகிற மாதிரி, என்னைக் கேட்காமல், அதுவாகவே. மறுபடி ஒரு துள்ளல். டாக்டரம்மா "பஸ்", போதும் என்று சிரித்தார். கை கனத்துப்போயிற்று, பிறகு மெல்ல மெல்ல லேசாயிற்று.

முந்தின மருந்தைவிட இது நல்ல மருந்து. சுகி என்று பெயர். சுகம் தருவதால் வைத்திருப்பார்கள் போல.

11 நவம்பர்

தோள் நன்றாக இருக்கிறது. ஆபீஸில் எல்லோரிடமும் சுகி ஊசியைப் பற்றிச் சொன்னேன். கிருஷ்ணமூர்த்தி சார்கூட அந்த மருந்து மதராஸில் கிடைக்குமா என்று விசாரித்தார்.

15 நவம்பர், ஞாயிறு

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மதியம் சாப்பிடும்போது சுகி ஊசியைப் பற்றி மறுபடி ஆரம்பித்தேன். இந்திராணி, "அந்தம்மா என்ன வார்த்தை சொன்னாக? அப்படியே சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அலமாரியை மூடியதையும் ஜஹாஜையும்கூட. சோற்றில் வைத்த கையை எடுக்காமல் சிரிக்க ஆரம்பித்தாள்.

"சுகி இல்லங்க, சூக்கி. காஞ்சதுன்னு அர்த்தம். கருவாட்டுக்கு இங்க கடைக்காரன் சூக்கா மச்லின்னுதான சொல்லுதான். காஞ்ச ஊசின்னு சொல்லியிருக்காக. கப்பல் வரல, மருந்து தீந்துபோச்சு, வெறும் ஊசிதான் போடுதேன்னு."

"மருந்தே இல்லையா?"

"இல்லையே."

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினாள். நான் எழுந்து கை கழுவப் போனேன். பாதிச் சோறு இலையில் கிடந்தது.

வெறும் ஊசி. ஒன்றுமே இல்லாத ஊசி. அதில் என் வலி போயிற்று என்றால் போனது என்ன?

17 நவம்பர்

மறைத்திருக்கலாம். மறைக்கத் தெரியவில்லை. மருந்தின் சரியான பெயரைக் கிருஷ்ணமூர்த்தி சார் கேட்டபோது உளறிவிட்டேன். அறையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது.

"ஜம்புலிங்கம், தப்பா நினைச்சுக்காதீர். மருந்தில்லாத ஊசியிலே போற வலி, உமக்கு மனசுலே வந்த வலிதான். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். சாமியைக் கும்பிடும்."

அன்பாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

22 நவம்பர்

டாக்டரம்மா வரச்சொன்ன நாள். போகவில்லை.

28 நவம்பர், சனி

வலி வந்துவிட்டது. வந்ததா, நான் வரவழைத்தேனா? வேலை செய்யும்போதே என்னை நானே வேவு பார்க்கிறேன். இப்ப நெசமா வலிக்கா? வலிக்குன்னு நெனைக்கியா? டேய், நெசத்தச் சொல்லு.

இந்திராணி தோளில் கை வைத்தாள். தட்டிவிட்டேன். "நடிக்கிறவனுக்கு எதுக்குத் தைலம்?" என்று கத்தினேன். அவள் தைலப் புட்டியைத் தரையில் வைத்துவிட்டு, அழுத்தமாகச் சொன்னாள்: "தூக்கத்துல புரண்டு படுக்கையில முனகுதீக. தூங்குதவன் யாருக்குங்க நடிப்பான்?"

குனிந்து புட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

1 டிசம்பர்

அவள்தான் இழுத்துப் போனாள். சண்டை போடத்தான் போனேன். உள்ளே நுழைந்ததும், "என்னை ஏமாத்திட்டீங்களே" என்று தமிழிலேயே ஆரம்பித்தேன். டாக்டரம்மா தேநீரைக் கீழே வைத்தார். இந்திராணி சொல்லச் சொல்ல அவர் முகம் வாடியது.

"ஏமாற்றவில்லை. சூக்கி என்று சொன்னேன். நீ ஹாஞ்ஜி என்றாய்."

அது உண்மை. தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு அவர் நிதானமாகப் பேசினார், இந்திராணி தமிழில் சொன்னாள். வேலை செய்து செய்து சதையில் ஒரு இழை சுருண்டு இறுகிவிடுகிறது. படத்தில் அது தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். மருந்து போட்ட நாளிலும் அந்த இழை துள்ளியது, போடாத நாளிலும் துள்ளியது. துள்ளிய பிறகுதான் விட்டது. கல்கத்தாவில் அவருக்குப் பாடம் சொன்னவர் மருந்து தீர்ந்த ஒரு நாளில் இதைப் பார்த்தாராம். ஏன் அப்படி என்று அவருக்கும் முழுசாகத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை என்றார். இது எல்லோருக்கும் பலிக்காது, உனக்கும் ஒரேயடியாகப் போய்விடாது, திரும்ப வரும் என்றும் சொன்னார்.

"ஆனா துள்ளுறது இருக்கே, அத யாராலயும் நடிக்க முடியாதாம்ங்க" என்றாள் இந்திராணி. டாக்டரம்மா தானே தமிழில் முயன்றார்: "வலி… சச்சி. நிஜம்."

சட்டையைக் கழற்றினேன்.

24 டிசம்பர், வியாழன்

ரேடியோவில் சொன்னார்கள். முந்தாநாள் இரவு புயல், ராமேஸ்வரம் பக்கம். தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டதாம். ரயிலே போய்விட்டதாம். நம்ப முடியவில்லை. ஒரு வாரம் முன்பு இங்கே சுற்றிக்கொண்டிருந்த காற்றுதான் அங்கே போயிருக்கிறது என்கிறார்கள்.

மத்தியானத்துக்குள் ஆபீஸ் வாசல் நிறைந்துவிட்டது. ஜங்லிகாட்டிலிருந்தும் வண்டூரிலிருந்தும் அந்தக் கரையில் பிறந்த எல்லோரும் வந்துவிட்டார்கள். அந்தோணிமுத்து முதலில் நின்றார். படகுத் தச்சர், தங்கச்சிமடத்துக்காரர். அவர் மனைவி செலின் பிறந்த வீடு தனுஷ்கோடி. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, பாம்பனுக்குத் தந்தி போகுமா?"

"பாம்பனுக்கு லைன் அறுந்துபோச்சு. ராமநாதபுரம் வரைக்கும் போகும். அங்கேருந்து ஆள் கொண்டுபோகணும்."

"போகட்டும்ணே. எது வரைக்கும் போகுமோ அது வரைக்கும் போகட்டும். இவ ஆத்தா இருக்காளான்னு கேளுங்க."

நாள் முழுக்க அதே வாக்கியம்தான். அம்மா இருக்கிறாளா? தம்பி இருக்கிறானா? பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ். கோயில் பூசை முடிந்து நேராக இங்கே வந்தார்கள். யாரும் புதுத்துணி உடுத்தவில்லை. பதில் ஒன்றுகூட வரவில்லை. தோளில் வலி தொடங்கிவிட்டது.

26 டிசம்பர், சனி

காலையில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் குமிழை விட்டு நழுவ ஆரம்பித்தது. ஒரு பெயரை மூன்று தரம் அடித்தேன். மதராஸ் ஆள் பொறுமையாகத் திரும்பக் கேட்டார். என்னோடு முறை மாற்றிக்கொள்கிற ஆள் காய்ச்சலில் படுத்திருக்கிறான். வாசலில் கூட்டம் அப்படியே நிற்கிறது. வியர்வை காகிதத்தில் சொட்டியது.

கிருஷ்ணமூர்த்தி சார் பின்னால் வந்து நின்றிருக்கிறார். எத்தனை நேரமாக என்று தெரியாது. "எழுந்திரும்" என்றார். கவுண்டருக்குத்தான் அனுப்புகிறார் என்று நினைத்தேன். "அந்த டாக்டரம்மா எங்கே இருப்பா?" என்று கேட்டார்.

அதற்குள் சாப்பாடு கொண்டு வந்த இந்திராணி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடியே போனாள். டாக்டரம்மா ஆஸ்பத்திரி வண்டியில் வந்து இறங்கினார். பின்னறையில் தபால் மூட்டை மேல் குப்புறப் படுத்தேன். பிடிக்க ஆள் வேண்டும் என்றார். கிருஷ்ணமூர்த்தி சாரின் கையைப் பிடித்து இழுத்து என் தோள்பட்டை மேல் பதித்துவிட்டு, "பகடோ" என்றார்.

ஊசி இறங்கியது. தேடியது. துள்ளியது. எப்போதையும்விடப் பலமாக, தோளே உதறுகிற மாதிரி.

"ஐயோ! என்ன ஓய் இது! உள்ளே என்னமோ குதிக்கறதே!"

கையை எடுக்கப் போனார். டாக்டரம்மா அதட்டினார். மறுபடி துள்ளியது. அந்தக் கை என் முதுகில் அப்படியே இருந்தது.

ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் கை கனமாகத்தான் இருக்கும். கருவிக்குப் போக எழுந்தேன். அங்கே ஏற்கெனவே அவர் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குமிழைத் தொட்டார். பதவி உயர்வு வந்த பிறகு அவர் தந்தி அடித்து யாரும் பார்த்ததில்லை. மெதுவான கை. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் முத்து மாதிரி விழுந்தது.

திரும்பிப் பார்க்காமலே, "சாப்பிட்டுட்டு வாரும். சாயங்காலம் வரைக்கும் நான் பார்த்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் நானும் எதிர்பார்க்கவில்லை.

2 ஜனவரி 1965

பதில்கள் வருகின்றன. என் கையால் எழுதி எடுக்கிறேன். "நலம்" என்று வந்தால் எழுந்து ஓடிப்போய் நானே கொடுக்கிறேன். மற்றவற்றை…

அந்தோணிமுத்துவுக்கு வந்தது. செலினின் தம்பி மண்டபத்தில் இருக்கிறான். தாயார் இல்லை. அவர் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "தேங்ஸ்ணே" என்றார். செலின் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

18 பிப்ரவரி

வேகப் பரீட்சை. தேறிவிட்டேன், முன்பைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில். போதும். நாற்காலியை உயர்த்திக்கொடுத்தார்கள். வலி அவ்வப்போது வருகிறது. வந்தால் போய்க் குத்திக்கொண்டு வருகிறேன். இப்போதெல்லாம் வலிக்கிறதா என்று என்னை நானே கேட்பதில்லை.

9 மார்ச், செவ்வாய்

அந்தோணிமுத்து நேற்று கவுண்டரில் தயங்கித் தயங்கி நின்றார். செலினுக்கு இடது தோள் தூக்க முடியவில்லையாம். கழுத்து திரும்பவில்லையாம். தலைமுடியைக்கூடத் தானாக முடிந்துகொள்ள முடியாமல் விரித்துப்போட்டபடி உட்கார்ந்திருக்கிறாளாம். "ஆத்தா போன துக்கம், அதான் இப்படி இருக்கான்னு எல்லாரும் சொல்றாங்கண்ணே. மந்திரிக்கணுமாம்."

"வலிக்குதுன்னு அவங்க சொல்றாங்களா?"

"சொல்றா."

"அப்போ வலிக்குது. நாளைக்கு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டு வாங்க."

இன்று காலை இந்திராணி செலினோடு உள்ளே போனாள், பேச்சுக்கு. நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில். கதவுக்குப் பின்னால் டாக்டரம்மாவின் குரல், "இதர்? இங்க?" பிறகு ஒரு அழுகை கேட்டது. வாய்விட்டு, பெருங்குரலில். அந்தோணிமுத்து பதறி எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"தந்தி வந்தன்னைக்குக்கூட அவ அழுகலையேண்ணே."

"அழட்டும்."

அவர் உள்ளங்கையில் இருந்த தச்சுக் காய்ப்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"அண்ணே, அந்த ஊசில மருந்து ஒண்ணும் இல்லையாமே. நெசமா?"

"ஆமா. ஒண்ணும் இல்லை."

"அப்புறம் எப்படிண்ணே?"

"அது எனக்குத் தெரியாது அந்தோணி. டாக்டரம்மாவுக்கே முழுசாத் தெரியாதாம். துக்கம் இதுல போகாது. ஆனா அவங்க சொல்ற வலி நெசம். அது மட்டும் எனக்குத் தெரியும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார்.

கதவு திறந்தது. இந்திராணி முன்னால் வந்தாள். பின்னால் செலின். கண்ணெல்லாம் வீங்கி, முகம் சிவந்து. தோளை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் நடந்தாள். வாசல்படியில் காற்று அடித்து முடி முகத்தில் விழுந்தது. நின்றாள். வலது கையால் முடியைச் சேர்த்துப் பிடித்தாள். இடது கையை மெதுவாக, பாதியில் நிறுத்தி, மறுபடி உயர்த்தி, பின்கழுத்துவரை கொண்டுபோனாள். இந்திராணி உதவப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

செலின் தானே கொண்டை போட்டு முடிந்தாள். பிறகு படியிறங்கி எங்களுக்கு முன்னால் நடந்தாள்.